திரும்பிப் பார்த்தல்

புத்தர் தம் எண்பதாவது வயதில் வைசாலியைவிட்டுப் புறப்பட்ட காட்சி மகாபரிநிப்பான சுத்தம் என்ற பௌத்த நூலில் வருகிறது. காலையில் நகருக்குள் சென்று பிச்சை ஏற்கிறார். உண்டு முடித்துத் திரும்பும்போது நிற்கிறார். யானை திரும்புவதுபோல் உடல் முழுவதையும் திருப்பி அந்த நகரைப் பார்க்கிறார். வைசாலியைத் தாம் பார்ப்பது இதுவே கடைசி என்று சீடர் ஆனந்தரிடம் சொல்லிவிட்டுப் பண்டகாமம் என்ற ஊரை நோக்கி நடக்கிறார். பின்னால் வந்த உரைகாரர்கள் இந்தப் பார்வைக்கு உடற்கூற்று விளக்கம் சொன்னார்கள்: புத்தர்களின் கழுத்தெலும்பு ஒரே எலும்பாக இணைந்திருக்கும், தலையை மட்டும் திருப்ப இயலாது என்று. ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா வந்த சீன யாத்திரிகர் பாஹியான், புத்தர் திரும்பி நின்ற இடத்தில் ஒரு ஸ்தூபி எழுப்பப்பட்டிருந்ததாக எழுதுகிறார். ஞானம் பெற்ற இடத்துக்கும் முதல் போதனை நிகழ்ந்த இடத்துக்கும் ஸ்தூபி எழுப்பியது புரிகிறது. ஓர் ஊரைத் திரும்பிப் பார்த்த இடத்துக்கும் எழுப்பியிருக்கிறார்கள்.

ஆசையே துன்பத்தின் வேர் என்று நாற்பத்தைந்து ஆண்டுகள் ஊர் ஊராக நடந்து சொன்னவர் ஏன் நின்றார்? பற்றின்மை என்பது நான் இதுவரை புரிந்துவைத்திருந்ததுதான் என்றால், அவர் நேரே நடந்திருக்க வேண்டும்.

இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. ஜெர்மனியின் ஹாலே நகரில் மண்ணியல் முதுகலைப் படிப்பை முடித்துவிட்டேன். இந்த அக்டோபரில் ஊர் திரும்புகிறேன். எங்கள் வீடு பொறையாறுக்குப் பக்கத்தில்; குறுவையும் தாளடியும் போடும் குடும்பம். மழை குறைந்த ஆண்டுகளில் கடல் பக்கத்து நிலங்களில் உப்பு ஏறுவதைப் பார்த்து வளர்ந்ததால்தான் மண்ணைப் படிக்க வந்தேன். படிப்பு முடிந்தால் மகிழ்ச்சியோடு கிளம்பிவிடுவேன் என்றுதான் எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். இப்போது டிராமில் ரைலெக் நிறுத்தத்தைக் கடக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கிறது.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "கெளம்புறப்பத் திரும்பித் திரும்பிப் பாக்காத பாப்பா. பாத்தா மனசு அங்கேயே நின்னுடும்" என்றார். எங்கள் வீட்டில் இது வெறும் பேச்சு அல்ல. தாத்தா இறந்தபோது அப்பா கொள்ளி வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்து வந்தார். பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கம் எங்களிடம் இல்லை. அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதுகுக்குப் பின்னால் விறகு வெடிக்கும் சத்தம் கேட்டதாம். திரும்பினால் போகிற உயிருக்குப் போக மனம் வராது என்று உடன் வந்த பெரியவர்கள் சொன்னார்களாம். அந்த நடையைப் பற்றி அப்பா ஒரே ஒரு தடவைதான் பேசியிருக்கிறார்.

ஆக, என் வளர்ப்பில் திரும்பிப் பார்க்காமை ஓர் அறம். போகிறவருக்கும் இருப்பவருக்கும் செய்யும் உதவி. வைசாலியின் வாசலில் நின்ற அந்த முதியவர் அந்த அறத்தைக் குலைக்கிறார்.

ஹாலே உப்பால் உண்டான ஊர். சந்தைத் தேவாலயத்துக்குக் கீழே, பள்ளத்தில் இருக்கும் ஹால்மார்க்ட் சதுக்கத்தில்தான் உப்புநீர் ஊற்றுகள் இருந்தன. அந்த நீரைக் காய்ச்சி உப்பெடுத்தவர்கள் ஹாலோரன் என்ற பெயரில் ஒரு சகோதரத்துவமாக வாழ்ந்தார்கள். அந்த அமைப்பு இன்றும் இருக்கிறது. ஸாலே ஆற்றுத் தீவில் 1721-இல் தொடங்கிய அரசு உப்பாலை 1964-இல் மூடப்பட்டது. எங்கள் கரையோர வயலைக் கெடுக்கும் அதே உப்பு இங்கே தேவாலயங்களையும் வீதிகளையும் கட்டியிருக்கிறது. வந்த புதிதில் இது எனக்கு ஏற்றுக்கொள்ள முடியாததாகக்கூட இருந்தது.

உப்பின் ஊரில் இருந்துகொண்டு லோத்தின் மனைவியை நினைக்காமல் இருக்க முடியாது. சோதோம் எரிகிறது, பின்னால் பார்க்காதே என்பது கட்டளை, அவள் பார்க்கிறாள், உப்புத்தூண் ஆகிறாள். என்னோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த இறையியல் மாணவியிடம் ஒரு ராத்திரி சமையலறையில் இதைக் கேட்டேன். ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன், அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஆதியாகமத்தில் அந்தப் பெண்ணுக்குப் பெயரும் இல்லை, ஏன் பார்த்தாள் என்ற காரணமும் இல்லை என்றாள். ஒரே ஒரு வசனம், அதோடு சரி. அந்த வெற்றிடத்தை யூத மரபு இரண்டு வழிகளில் நிரப்பியிருக்கிறது. விருந்தினருக்கு உப்பு தர மனமில்லாத கஞ்சத்தனத்தால் உப்பாலேயே தண்டனை பெற்றாள் என்பது ஒன்று. சோதோமில் மணம் முடித்துக் கொடுத்த மகள்கள் பின்னால் வருகிறார்களா என்ற இரக்கத்தில் திரும்பினாள் என்பது மற்றது. இரண்டாவதைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். மகள்கள் வருகிறார்களா என்று பார்க்காத தாய் உண்டா?

அந்த மாணவியே இன்னொன்றும் காட்டினாள். லூக்கா நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில், லோத்தின் மனைவியை நினைத்துக்கொள்ளும்படி இயேசு சீடர்களை எச்சரிக்கிறார். 19-ஆம் அதிகாரத்தில் எருசலேம் கண்ணில் பட்டதும் அந்த நகரத்துக்காக அழுகிறார். திரும்பிப் பார்க்காதே என்று சொன்ன அதே வாய், இரண்டே அதிகாரங்கள் தள்ளி, ஒரு நகரத்திடம் பேசிக்கொண்டே அழுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடம்தான் எனக்கு வேண்டியிருந்தது.

அந்த இடத்தை எனக்குக் காட்டியது ஒரு வயல்.

ஹாலேயில் யூலியுஸ் கியூன் என்ற வேளாண் அறிஞர் 1878-இல் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் ரை தானியம் மட்டும் விதைப்பது. கோதுமைக்கு உறவான தானியம் அது. இங்கே கறுப்பு ரொட்டி அதில்தான் செய்கிறார்கள். ஒரு பகுதிக்குத் தொழு உரம், ஒரு பகுதிக்கு ரசாயன உரம், ஒரு பகுதிக்கு எதுவுமே இல்லை. கியூன் 1910-இல் இறந்தார். இரண்டு உலகப் போர்கள் வந்தன, நாடு இரண்டாகி மீண்டும் ஒன்றானது. 1961-இல் நிலத்தின் ஒரு பகுதியை மக்காச்சோளத்துக்கும் உருளைக்கிழங்குச் சுழற்சிக்கும் மாற்றினார்கள். மீதி நிலத்தில் ரை நிற்கவே இல்லை. உரமே காணாத பகுதியும் இன்றுவரை விளைகிறது. குறைவாகத்தான், ஆனாலும் விளைகிறது. கறுப்பு மண்ணின் மக்கு மெல்ல மெல்லக் கரைந்து கொடுப்பதும், மழையோடும் தூசியோடும் காற்றிலிருந்து இறங்கும் நைட்ரஜனும் சேர்ந்து அதைக் காப்பாற்றுகின்றன. ஹார்ஸ் மலையின் மழைமறைவில் இருக்கும் இந்த வட்டாரத்தில் ஆண்டுக்கு 500 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. எங்கள் ஊரில் நவம்பர் மாதம் ஒன்றே சில வருடம் அதைக் கொட்டிவிடும்.

என் ஆய்வேடு அந்த மண்ணைப் பற்றியது. குளிரில் துளைக்கருவியை இறக்கி மண் எடுத்து, பையில் கட்டி, எண் எழுதுவேன். வயலைப் பார்த்துக்கொள்ளும் தொழில்நுட்பர் ஒருவர் இருக்கிறார். அதிகம் பேசமாட்டார். எனக்கு முன்னால் எத்தனையோ மாணவர்கள் இந்த ஓரத்தில் நின்று மண் எடுத்துப் போயிருக்கிறார்கள், யாரும் இதன் தொடக்கத்தைப் பார்த்ததில்லை, முடிவையும் பார்க்கப்போவதில்லை என்று ஒருநாள் சொன்னார். வருத்தத்தோடு சொல்லவில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. செப்டம்பர் கடைசியில் நடக்கும் விதைப்பில் நானும் இருப்பேன். அடுத்த ஜூலை அறுப்பில் இருக்கமாட்டேன். விவசாயி வீட்டுப் பெண்ணுக்கு இது எளிதான காரியமில்லை. பலனை எதிர்பாராமல் வேலை செய் என்று கீதையைச் சொல்லி யாராவது அப்பாவிடம் பேசினால், அறுப்பை நினைக்காதவன் விதைநெல்லைக் காப்பாற்றமாட்டான் என்று பதில் சொல்வார். அவர் சொல்வது சரி. ஆனால் அந்த ரை வயலில் ஒன்று தெரிந்தது: அறுப்பு எனக்கு இல்லை என்பதால் அந்த மண்மேல் எனக்கிருந்த கவனம் குறையவே இல்லை. கூடியது. எதையும் எடுத்துப்போக முடியாத இடத்தை இன்னும் கூர்ந்து பார்த்தேன்.

மாணவராக ஓர் ஊரில் வாழ்வதே அப்படித்தான். அறை வாடகைக்கு, மேசை முன்னால் இருந்தவர் விட்டுப்போனது, சைக்கிள் மூன்றாம் கை, புத்தகம் நூலகத்தினுடையது. இந்த ஊரில் எனக்குச் சொந்தமாக ஒரு சதுர அடி இல்லை. போகும்போது நகர அலுவலகத்தில் பெயரை நீக்கும் ஒரு படிவம் கொடுத்தால் போதும். ஆனால் ஸாலே ஆற்றின் வளைவு ஒவ்வொன்றும் தெரியும். கீபிஷென்ஸ்டைன் பாலத்தில் ஒரு பக்கம் குதிரை, மறு பக்கம் பசு என்று 1928-இல் கெர்ஹார்ட் மார்க்ஸ் வடித்த இரண்டு பெரிய சிலைகள் இருக்கின்றன. நகரத்தைப் பார்த்த பக்கம் குதிரை, கிராமத்தைப் பார்த்த பக்கம் பசு. அந்தப் பசுவின் பக்கம் நின்று ஆற்றைப் பார்ப்பேன். ஞாயிறு காலையில் பைஸ்நிட்ஸ் தீவில் மரங்களுக்குள் நடப்பேன். உடைமை இல்லாததால் இந்த அன்பு ஒன்றும் இளைத்துவிடவில்லை.

இதை எழுதும்போதுதான் எங்கள் ஊர்ப்பக்கத்துத் தேவாரத்தின் நினைவு வருகிறது. பாசத்தை அறுக்கச் சொல்வது சைவம். ஆனால் அந்தச் சமயத்தின் முதன்மையான பாடல்கள் எதன்மேல் நிற்கின்றன? ஊர்களின்மேல். பாடல் பெற்ற தலங்கள் 270-க்கும் மேல். ஒவ்வொன்றிலும் அந்த ஊரின் சோலை, அந்த ஊரின் குளம், வயலில் துள்ளும் மீன், மாடத்தில் பெண்கள், கரையில் வந்து மோதும் அலை. அப்பரும் சம்பந்தரும் ஒரே ஊரில் தங்கிவிடவில்லை. வந்தார்கள், பாடினார்கள், அடுத்த ஊருக்கு நடந்தார்கள். திருக்கடையூர்க் கோயிலுக்குச் சிறுவயதிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன்; அங்கே ஓதுவார் பாடுவது, வந்துவிட்டுப் போன ஒருவர் அந்த ஊருக்கு விட்டுச் சென்ற சொல் என்று இத்தனை நாளும் எனக்குத் தோன்றியதில்லை. விடைபெறுவதையே வாழ்க்கையாகக் கொண்டவர்கள்தான் தமிழில் ஊர்களை இப்படிப் பாடியிருக்கிறார்கள். பற்று அறுந்தால் ஊர் மங்கிப்போகும் என்றால் தேவாரம் பிறந்திருக்கவே முடியாது.

ராமனிடமும் இந்த விடைபெறுதல் இருக்கிறது. வால்மீகியில், கோசல நாட்டு எல்லையில் ராமன் அயோத்தி இருக்கும் திசை நோக்கித் திரும்பி, கைகூப்பி, நகரிடமே விடை கேட்கிறான். அந்த நகரைக் காக்கும் தெய்வங்களிடமும் கேட்கிறான். தந்தையிடம், தாயிடம், மக்களிடம் எல்லாம் விடைபெற்ற பிறகு இது தனியாக நடக்கிறது. நபிகள் நாயகம் மக்காவைப் பார்த்து, அல்லாஹ்வின் பூமியில் தமக்கு மிகவும் பிரியமானது அதுதான் என்றும், தாம் வெளியேற்றப்படாவிட்டால் போயிருக்கமாட்டார் என்றும் சொன்னதாக ஹதீஸ் இருக்கிறது. துறவி, இளவரசன், இறைத்தூதர் ஆகிய மூவரும் நின்று திரும்பினார்கள். மூவரும் பிறகு நடந்தார்கள்.

ஹாலேயைவிட்டுப் போனவர்களில் எல்லோருக்கும் அப்படி நிற்க நேரம் கிடைக்கவில்லை. தத்துவப் பேராசிரியர் கிறிஸ்தியான் வோல்ஃப், கன்ஃபூசியஸின் அறநெறியைப் புகழ்ந்து 1721-இல் ஓர் உரை ஆற்றினார். கிறிஸ்தவ வெளிப்பாடு இல்லாமலும் மனிதர் நல்லறம் காண முடியும் என்பது அதன் சாரம். இறையியலாளர்களின் எதிர்ப்பு அரசர்வரை போனது. 1723-இல், நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் வெளியேறாவிட்டால் தூக்கு என்று பிரஷ்ய அரசர் உத்தரவிட்டார். 1740-இல் புதிய அரசர் அழைத்த பிறகுதான் வோல்ஃப் திரும்பி வந்தார். ஆப்பிரிக்காவிலிருந்து குழந்தையாகக் கொண்டுவரப்பட்டு ஒரு ஜெர்மன் பிரபுவின் அரண்மனைக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்ட அந்தோன் வில்ஹெல்ம் ஆமோ, 1727-இல் இங்கே மாணவராகச் சேர்ந்தார். ஐரோப்பாவில் ஆப்பிரிக்கர்களின் உரிமை பற்றி 1729-இல் இங்கே வாதாடினார். பின்னர் இங்கேயே பாடமும் நடத்தினார். கடைசியில் இன்றைய கானாவில் இருக்கும் தன் கரைக்கே போய்ச் சேர்ந்தார். இந்த ஊரை அவர் எப்படித் திரும்பிப் பார்த்திருப்பார் என்று அடிக்கடி யோசிக்கிறேன். நேசித்திருப்பாரா என்று கேட்கவே தயக்கமாக இருக்கிறது.

சமயப் பணிக்காகத் தமிழகம் போன சீகன்பால்குவின் பாதை எனக்கு நேர் எதிர்ப்பாதை. ஹாலேயில் கொஞ்ச காலம் படித்துவிட்டு 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் கரை இறங்கினார். 1719-இல் அங்கேயே இறந்தார், வயது 36. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். ஹாலேயில் இருக்கும் பிராங்கே கல்வி நிறுவனங்களின் பழைய அநாதை இல்லக் கட்டடத்தில், மேல்மாடத்தில் இருக்கும் அரும்பொருள் அறையில் எங்கள் கரையிலிருந்து வந்த பொருள்களைப் பார்த்த நாளில், அந்த மனிதர் தரங்கம்பாடி மணலில் நின்று மேற்கே திரும்பிப் பார்த்திருக்கக்கூடிய ஊரில் நான் நின்றுகொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. அவருடைய தமிழ் இலக்கண நூல் 1716-இல் அச்சானது இந்த ஊரில்தான்.

அன்பு என்றால் ஊரின் அழகான பக்கத்தை மட்டும் மடித்துப் பெட்டியில் வைப்பது இல்லை. 2019 அக்டோபர் 9, யோம் கிப்பூர் நோன்பு நாள். துப்பாக்கியோடு வந்த ஒருவன் ஹம்போல்ட் தெருவிலுள்ள யூதத் தொழுகைக் கூடத்துக்குள் நுழையப் பார்த்தான். உள்ளே ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். மரக்கதவு திறக்கவில்லை. வெளியே தெருவில் போன ஒரு பெண்ணையும், கொஞ்ச தூரத்தில் ஒரு கபாப் கடையில் இருந்த இளைஞர் ஒருவரையும் அவன் கொன்றான். நான் இந்த ஊருக்கு வருவதற்கு முந்தைய நிகழ்வு இது. ஆனால் அந்தத் தெருக்களில் நானும் தினமும் நடந்திருக்கிறேன். வேற்று நிறத் தோலோடு நடந்திருக்கிறேன். அந்தக் கதவை விட்டுவிட்டு ஹாலேயை நேசிப்பதாகச் சொன்னால் அது இந்த ஊரின்மேல் வைத்த அன்பே ஆகாது.

யானைப் பார்வையை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். கழுத்தை மட்டும் திருப்புகிறவரின் கால்கள் ஒரு திசையில், மனம் ஒரு திசையில். அம்மா பயப்படுவது அந்தப் பார்வைக்குத்தான். லோத்தின் மனைவி அகப்பட்டதும் அதில்தான் என்று நினைக்கிறேன், அவள்மேல் எனக்கு இரக்கம் இருந்தாலும். ஓடிக்கொண்டே பார்க்கும் பார்வைக்கு அந்த ஊர் இன்னும் வேண்டும். உடல் முழுவதையும் திருப்பி நிற்பவர் அந்த நேரத்துக்குப் போவதையே நிறுத்திவிடுகிறார். ஊரின் நல்லதும் கெட்டதும் முழுதாக எதிரே நிற்கின்றன. அதனிடமிருந்து எதுவும் கேட்கவில்லை. பார்த்து முடித்ததும் முழுதாகவே திரும்பி நடக்க முடிகிறது. புத்தர் நின்றது பற்று மிச்சமிருந்ததால் என்று நான் இப்போது நம்பவில்லை. பற்று தீர்ந்தவரால்தான் அவ்வளவு நிதானமாக ஓர் ஊரைப் பார்க்க முடியும். சுடுகாட்டு வழக்கத்தையும் நான் மறுக்கவில்லை. இறந்தவர் நம்மை விட்டுப் போகிறார், அங்கே வழிவிடுவது நம் கடமை. ஓர் ஊர் நம்மைவிட்டுப் போவதில்லை. நாம்தான் போகிறோம், கேட்டுக்கொண்டு போக வேண்டியவர்கள் நாம்தான்.

ஆகவே ராமன் செய்ததை நானும் செய்கிறேன். இந்த ஊரைக் காப்பவை எவை என்று யோசித்து, ஒவ்வொன்றிடமும் போய் விடை கேட்கிறேன். சந்தைத் தேவாலயத்தில் இசையமைப்பாளர் ஹாண்டெல் 1685-இல் ஞானஸ்நானம் பெற்ற தொட்டி. வோல்ஃப் துரத்தப்பட்டுத் திரும்பி வந்த பல்கலைக்கழகம். ஹம்போல்ட் தெருக் கதவு. பாலத்துப் பசு. ஒவ்வோர் இடத்திலும் அவசரமில்லாமல் நிற்கிறேன். அழுகை வந்தால் அழுகிறேன்.

மிச்சம் இருப்பது வயல்தான். என் இடத்துக்கு எத்தியோப்பியாவிலிருந்து ஒரு மாணவி வந்திருக்கிறாள். அவளுடைய அப்பாவும் விவசாயி என்று சொன்னாள், டெஃப் பயிரிடுகிறார்களாம். என் ரப்பர் பூட்ஸ் அவளுக்குச் சரியாக இருக்கிறது. துளைக்கருவியைச் சாய்க்காமல் இறக்குவது எப்படி, பையின் எண்ணை ஏன் இரண்டு இடத்தில் எழுத வேண்டும், நவம்பரில் எந்தக் கையுறை தாங்கும், இந்த மூன்றையும் முதலில் காட்டிவிடுவேன். அப்புறம் உரமே காணாத அந்தப் பகுதிக்குக் கூட்டிப்போவேன். வியாழக்கிழமை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அன்றைக்குத்தான் விதைப்பு.